நாயும் பாறும் நாம் வாழும் நகரமும்

மும்பை மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர். ஏழு தீவுகள் இணைந்து ஒரு நகரமான செய்தியையும், போர்த்துக்கீசிய இளவரசியின் சீதனமாக இஃது ஆங்கில மன்னனைச் சேர்ந்த கதையையும், பருத்தி வாணிகமும் ஆலைகளும் தழைத்த வகையையும் அவர்கள் விரிவாகவே கூறியுள்ளனர். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறி, மூன்று நான்கு தலைமுறை கண்டுவிட்ட நம் தமிழ் மக்களும் இவற்றை ஓரளவு அறிவர். ஆயினும், இந்நகரத்தில் நிகழ்ந்ததாகப் பதிவு பெற்ற முதற் பெருங்கலகம் எதன் பொருட்டு எழுந்தது என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே ஆவர். தெருநாய்களின் பொருட்டு எழுந்தது அக்கலகம்.

இதனைக் கேட்டு நகைப்போரும் உண்டு. நகைப்பதற்கு இதில் யாதும் இல்லை என்பது நம் கருத்து. மக்கள் தம்முள் எவ்வாறு உறவு கொண்டனர் என்பதை மட்டும் ஆராய்ந்து வந்த மானிடவியல், மக்கள் பிற உயிர்களோடு எவ்வாறு உறவு கொண்டனர் என்பதையும் இன்று தன் பொருளாகக் கொண்டுள்ளது. நூயர் மக்களுக்கும் அவர்தம் மாடுகளுக்கும் உள்ள பிணைப்பை இவான்ஸ் பிரிச்சர்டு 1940ஆம் ஆண்டில் எழுதிய நூல் இத்துறைக்கு ஒரு முன்னோடி. அத்தகைய ஆராய்ச்சிக்குத் தெற்குச் சூடான் நாட்டுப் புல்வெளி வரை செல்ல வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் இரயிலேறிச் செல்லும் இந்நகரமே போதும். (மும்பை என்னும் பெயர் 1995ஆம் ஆண்டில்தான் முறைப்படி வழக்கிற்கு வந்தது, ஆதலின், பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துப் பம்பாய் என்றே எழுதுகின்றோம்.)

கும்பினி ஆட்சிக் காலத்தில், வெயில் மிகுந்த சில வாரங்களில் பம்பாய்த் தெருக்களில் திரியும் நாய்களைக் கொல்லலாம் என்று 1813ஆம் ஆண்டிலேயே ஒரு விதி ஏற்பட்டிருந்தது. நாய்க்கு வெறி பிடிப்பது கோடையில் மிகுதி என்பது அக்கால ஐரோப்பியர் நம்பிக்கை. 1832ஆம் ஆண்டில் நகரக் காவலுக்குப் பொறுப்பான நடுவர்கள் அவ்விதியின் காலத்தை நீட்டித்தனர். கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் எட்டணா பரிசு என்றும் அறிவித்தனர். எட்டணா அந்நாளில் சிறு தொகையன்று. பரிசுக்கு ஆசைப்பட்டோர் தெருநாய் எது, வளர்ப்பு நாய் எது என்று பார்த்திலர். வீட்டு முற்றங்களிலும் புகுந்தனர். உரிமையாளர் கண்முன்னேயே அடித்துக் கொன்றனர். ஆணையைப் பிறப்பித்தோர் எண்ணியது ஒன்று. எட்டணா செய்தது மற்றொன்று. பரிசுப் பணத்தால் நடத்தப்படும் எந்தக் கொலையும் எல்லையில் நில்லாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஜூன் 6ஆம் நாள் பார்சி மக்களுக்குப் புனித நாளாக அமைந்தது. அன்று கோட்டைப் பகுதியில் நாய்களைக் கொன்றுகொண்டிருந்த ஐரோப்பியக் காவலர் இருவரை ஏறத்தாழ இருநூறு பேர் சூழ்ந்து தாக்கினர். மறுநாள் கடைகள் யாவும் அடைபட்டன. வாணிகம் நின்றது. பார்சிகளோடு இந்துக்களும் சமணரும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவில் இருந்த படைவீரர்க்குச் செல்ல வேண்டிய உணவுப் பொருள்கள் வழியிலேயே தடுக்கப்பட்டன. ரொட்டி, இறைச்சி, தண்ணீர் என யாவற்றுக்கும் நகரத்து மக்களையே நம்பியிருந்த படைக்கு இது பெரிய நெருக்கடி. இறுதியில் கலக அடக்குச் சட்டம் வாசிக்கப்பட்டது, படை வந்தது, சிலர் சிறைப்பட்டனர், வழக்கும் நடந்தது. அப்பொழுது கவர்னராக இருந்தவர் கிளேர் பிரபு.

பார்சிகள் ஆங்கிலேயரோடு மிகவும் இணங்கி வாழ்ந்த வகுப்பினர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். கப்பல் கட்டுவோராகவும் தரகராகவும் சீன வாணிகராகவும் கும்பினியோடு தோளொட்டி உயர்ந்தவர்கள் அவர்கள். வரி உயர்ந்தபோது மனுக் கொடுத்துவிட்டு அமைந்தவர்கள், நாய் அடிபட்டபோது கல்லெடுத்தார்கள். காரணம் என்னை?

இதற்கு விடை தேடுவார்க்குப் பம்பாயிலேயே ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1886ஆம் ஆண்டில் இந்நகரத்தில் மானிடவியற் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அக்கழகத்தில் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி என்னும் பார்சி அறிஞர் 1891ஆம் ஆண்டில் தம் மக்களின் ஈமச் சடங்குகள் குறித்து ஒரு கட்டுரை படித்தார். தம் வகுப்பாரின் சடங்குகள் அனைத்தையும் தொகுத்து 1922ஆம் ஆண்டில் அவர் பெருநூலொன்றும் வெளியிட்டார். அயலார் வந்து ஆராய்ந்து எழுதுவதற்குக் காத்திராமல், தம்மைத் தாமே ஆராய்ந்து எழுதிக்கொண்ட அப்பெரியாரை நாம் போற்றாதிருத்தல் இயலாது.

அவர் வழியாக நாம் அறிவது இது. பார்சி ஒருவர் இறந்தால், உடலை நீராட்டி வெள்ளாடை உடுத்திக் கிடத்திய பின்னர், ஒரு நாயை அழைத்து வந்து அவ்வுடலைப் பார்க்கச் செய்வர். இச்சடங்கிற்குச் சக்தீத் என்று பெயர். நாயின் பார்வை என்பது பொருள். உடல் வீட்டில் இருக்கும் வரையில், நாளின் ஒவ்வொரு தொழுகைப் பொழுதிலும் இது திரும்பச் செய்யப்படும். கண்களுக்கு மேலே இரு புள்ளிகள் உடைய நாயே இதற்குச் சிறந்தது. அதனை நாற்கண் நாய் என்பர். பிணத்தின் மேல் ஈயின் வடிவில் வந்தமரும் தீய சக்தி நாயின் பார்வையால் அஞ்சியோடும் என்பது அவர்தம் மறை கூறும் காரணம். உயிர் உண்மையிலேயே பிரிந்ததா என்பதை மனிதரினும் நாய் நன்கறியும் என்பது சிலர் கூறும் காரணம். அவெஸ்தாவைச் சேர்ந்த வெந்திதாத் என்னும் நூலிலோ நாய்க்கென்றே நீண்ட பகுதி உண்டு. நாயைத் துன்புறுத்துவார்க்கும், அதற்குத் தகாத உணவிடுவார்க்கும் உரிய தண்டங்கள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. வீட்டில் உண்ணும்போது நாய்க்கென ஒரு கவளம் எடுத்து வைக்கும் வழக்கமும் குஜராத்திப் பெயரோடு பார்சிகளிடையே இருந்து வந்தது.

மேரி பாய்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1963–64ஆம் ஆண்டில் ஈரான் நாட்டில் யஸ்து நகருக்கு அருகேயுள்ள ஷரீஃபாபாத் என்னும் சிற்றூரில் சொராஸ்திரியரோடு தங்கி வாழ்ந்தார். அங்கும் இதே வழக்கத்தை அவர் கண்டார். வீட்டார் உண்ணுமுன் நாய்க்குரிய பங்கு கொடுக்கப்பட்டது. இறந்தவர்க்கு இடும் உணவு நாயின் வழியாகவே அவரைச் சென்றடையும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகப் பிரிந்து வாழும் இரு கூட்டத்தாரிடையே மொழி மாறிற்று, உடை மாறிற்று. நாய்க்கு இடும் கவளம் மாறவில்லை.

ஆக, பார்சி இல்லத்தில் நாய் ஒரு பதவி வகித்தது. காவற்பதவி யாவரும் அறிந்தது. சாவிற்குச் சான்று கூறும் பதவி அதனினும் உயர்ந்தது. அப்பதவி வகித்த உயிரை எட்டணாவுக்காகத் தடியால் அடித்துத் தெருவில் எறிந்தபோது எழுந்த சினத்தை வெறும் நாய்ப்பற்று என்று எழுதிவைத்த ஆங்கிலேயர், தாம் ஆண்ட மக்களைச் சிறிதும் அறிந்திலர் என்றே கூற வேண்டும்.

சமணர்க்கும் இந்துக்களுக்கும் இச்சடங்கு இல்லை. சமணர்க்குக் கொல்லாமையே அறத்தின் தலை. எறும்பாயினும் நாயாயினும் வேறுபாடு இல்லை. இந்து வணிகர்க்கு உயிரிரக்கம் ஒருபுறம், தம் வாயிலில் காவலர் புகுந்த சீற்றம் மறுபுறம். ஒரே நாயை ஒவ்வொரு வகுப்பாரும் ஒவ்வொரு கண்ணால் பார்த்தனர். கடையை மட்டும் ஒன்றாக அடைத்தனர். விலங்குகள் மனிதனுக்கு உண்பதற்கு மட்டுமன்றி எண்ணுவதற்கும் பயன்படுகின்றன என்னும் கருத்தை லெவி ஸ்ட்ராஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1962ஆம் ஆண்டில் எழுதினார். பம்பாய் வணிகர் அதனை 130 ஆண்டுகள் முன்னரே நடைமுறையிற் காட்டினர் எனலாம்.

கலகம் அடங்கிய பின்னர் இருசாராரையும் இணக்குவிக்க முன்வந்தவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். பின்னாளில் சர் பட்டமும் பாரனெட் பட்டமும் பெற்ற பெருவணிகர் அவர். நாய்களைக் கொல்லாது நகர்க்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. அவ்வளவில் நில்லாமல், அவரும் மோதிசந்த் அமிசந்த் என்னும் சமணச் செல்வரும் பிறரும் சேர்ந்து 1834ஆம் ஆண்டில் புலேஷ்வரை அடுத்து விலங்குகளுக்கு ஒரு புகலிடம் நிறுவினர். பாஞ்ச்ராபோல் என்று இன்றும் வழங்கும் இடம் அதுவே. கைவிடப்பட்ட நாய்க்கும், முதிர்ந்த மாட்டுக்கும், நொண்டிக் குதிரைக்கும் அங்கே இடமிருந்தது. குஜராத்தில் இத்தகைய புகலிடங்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. கடல்வழி வாணிகத்தோடு அவ்வழக்கம் பம்பாய்க்கும் குடிபெயர்ந்தது. மக்கள் குடிபெயரும்போது தம் தெய்வங்களையும் சமையலையும் எடுத்துச் செல்வதை நாம் நம் அனுபவத்தில் அறிவோம். உயிர்களோடு கொண்ட உறவையும் அவர்கள் மூட்டை கட்டி எடுத்துச் செல்கின்றனர்.

இப்புகலிடங்கட்குப் பொருள் வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. வணிகர் தம் சரக்கின் மேல் தாமே விதித்துக்கொண்ட சிறு தொகையால் அவை நடந்தன. நம் நாட்டில் நாடார் முதலிய வணிக மக்கள் இதனை மகமை என்பர். பள்ளிகளும் சத்திரங்களும் அதனால் எழுந்தன. அங்கே மாணவர்க்குச் சென்ற மகமை இங்கே முதிர்ந்த மாட்டுக்கும் தெருநாய்க்கும் சென்றது.

நாயைப் பற்றித் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க சான்று ஒன்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. கால்நடைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு நாய் ஒன்றின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்றது அந்நாய் என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஊர் நாயின் பெயர் நமக்குத் தெரிகின்றது. 1832ஆம் ஆண்டில் மாண்ட பம்பாய் நாய்களுள் ஒன்றன் பெயரும் எந்த ஆவணத்திலும் இல்லை. எட்டணாக் கணக்கு மட்டும் இருக்கின்றது.

சக்தீத் முடிந்த பின்னர் உடல் எங்கே செல்கின்றது என்பதையும் கூறியாக வேண்டும். ஏனெனில், பார்சிகளின் இறுதிப் பயணத்தில் நாய் முதல் துணை. இரண்டாம் துணை பாறு. நிலம், நீர், நெருப்பு மூன்றும் தூயவை. பிணத்தால் அவற்றை மாசுபடுத்தல் ஆகாது என்பது அவர்கள் கொள்கை. ஆதலின் உடலை வானம் பார்த்த வட்டக் கட்டடமாகிய தக்மாவில் வைத்துப் பறவைகட்கு விடுவர். மலபார் குன்றின் மேல் டூங்கர்வாடியில் முதல் தக்மா 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அன்று ஊருக்குப் புறத்தே இருந்த அக்காடு இன்று நாட்டிலேயே விலை மிகுந்த மனைகளுக்கு நடுவே நிற்கின்றது. பாறுகள் கூட்டமாக இறங்கி மிகக் குறுகிய பொழுதில் தம் பணியை முடித்துவிடும். முந்நூறு ஆண்டுகள் இவ்வொழுங்கு பிறழாமல் நடந்தது.

பிறழச் செய்தது எந்த ஆணையும் அன்று; ஒரு மருந்து. மாடுகளின் வலியும் வீக்கமும் தணிய டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தைக் கொடுக்கும் வழக்கம் 1990களில் நாடெங்கும் பரவிற்று. விலை மலிந்தது, உழவர்க்கு உதவியாகவும் இருந்தது. மருந்துண்ட மாடு இறந்தபின் அதனைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டன. பரத்பூர்ச் சரணாலயத்தில் பாறுகள் குறைந்து வருவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் அப்பத்தாண்டின் இறுதியில் கண்டு எழுதினார். நோய் என்றனர் சிலர். நஞ்சு என்றனர் சிலர். மருந்தே காரணம் என்பதைப் பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். 2006ஆம் ஆண்டில் கால்நடைகட்கு அதனைக் கொடுப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவிற்கு அருகிவிட்டது. இத்துணை விரைவாக வேறொரு பறவையினம் அழிந்ததை உலகம் அரிதாகவே கண்டுள்ளது.

நம் நாட்டிலும் இதனை ஒட்டிய ஓர் இழப்பு உண்டு. திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையில் நண்பகல்தோறும் இரு பறவைகள் வந்து குருக்கள் இடும் பொங்கலை உண்டு செல்வதை நம்முள் முதியோர் நேரில் கண்டிருப்பர். காசியில் நீராடி இராமேசுவரம் செல்லும் முனிவர் அவர் என்பது தலக்கதை. மஞ்சள் முகப் பாறு என்பது பறவை நூலார் வழங்கும் பெயர். 1990களின் இறுதியில் அவற்றின் வரவு நின்றது. எருவை என்றும் பாறு என்றும் சங்கப் புலவர் பெயரிட்டு வேறுபடுத்திய பறவைகளைப் பிற்காலத்தார் பிணந்தின்னி என்னும் இழிபெயரால் அழைத்தனர். பெயர் இழிந்தால் இழப்பும் உறைக்காது போலும். இன்று நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்க முயலும் தமிழ் இளைஞர்கள் பாறு என்னும் பழஞ்சொல்லை மீண்டும் வழங்கி வருவது மகிழ்ச்சிக்குரியது.

பாறு போனால் பார்சிக்குத்தானே துன்பம் என்று எண்ணுதல் கூடாது. ஊர்ப்புறங்களில் எறியப்பட்ட மாட்டுடல்கள் கிடந்து அழுகின. அவற்றை உண்ண நாய்கள் பெருகின. பாறு உண்டால் எலும்பு மட்டுமே எஞ்சும். நாய் உண்டால் பாதி கிடக்கும். நீர்நிலை கெட்டது; வெறிநாய்க்கடி மிகுந்தது. பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், 2000 முதல் 2005 வரையில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் இதனால் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்று 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சம்பளம் கேளாத துப்புரவாளர் வேலையை விட்டுச் சென்றபின் வந்த கணக்கு இது.

இவ்வாறு, 1832ஆம் ஆண்டின் வழக்கு வேறு வடிவில் நம் காலத்திற்கும் வந்துவிட்டது. நாயைக் கொல்வதா, அகற்றுவதா, ஊரிலேயே வைத்துக் காப்பதா? கொல்லுவதால் தொகை குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசியிட்டு அவ்விடத்திலேயே விட வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர்களுள் கேப்டன் வி. சுந்தரம் 1959ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கத்தார் முன்னணியினர். 2001ஆம் ஆண்டில் நடுவண் அரசு அவ்வழியையே விதியாக்கியது. 2023ஆம் ஆண்டில் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டனர். பதினொரு நாளில் மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தி, வெறியும் மூர்க்கமும் உடையவை நீங்கலாக ஏனையவற்றை ஊசியிட்டுப் பழைய இடத்திலேயே விடுமாறு பணித்தனர். இருதரப்பிலும் தெருவில் கூட்டம் கூடியது.

குடிசைப் பகுதியில் விடியற்காலை குழாயடிக்குச் செல்லும் குழந்தையை நாய் கடிக்கின்றது. காரில் செல்வாரைக் கடிப்பதில்லை. ஆதலின், நாய்க்குப் பரிந்து பேசுவோர் அக்குழந்தைக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். 1834ஆம் ஆண்டில் நிலம் வாங்கி மகமை இட்ட வணிகர் அவ்விடையைத் தம் பையிலிருந்து எடுத்துக் கூறினர். இன்று கூட்டம் கூட்டியோருள் எத்தனை பேர் அவ்வாறு கூறினர் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க.

டூங்கர்வாடியில் இப்பொழுது பாறுகள் இல்லை. கதிரவன் வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளைத் தக்மாக்களின் மேல் பொருத்தினர். மழைக்காலத்தில் அவற்றால் பயன் குறைவு. பறவைகளை வளர்த்துக் கொணரலாம் என்றும் பேசப்பட்டது. நிறைவேறவில்லை. எரியூட்டலை விரும்பும் பார்சிகட்கென வொர்லி மயானத்தில் 2015ஆம் ஆண்டில் ஒரு தொழுகைக் கூடம் திறக்கப்பட்டது; நெருப்பை மாசுபடுத்தலாகாது என்று வாழ்ந்தவருள் சிலர் இன்று அங்கே செல்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடெங்கும் பார்சிகள் 57,264 பேர். மலபார் குன்றின் மேல் பழைய முறையை விடாதவர் இல்லத்து ஈமச் சடங்கில் நாயை இன்றும் அழைத்து வருகின்றனர். அது வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்கின்றது.